ஏழாம் சுற்று

மாசி பிறந்து நாலாம் நாள், பூண்டுத் தாள்களின் மேல் உறைபனி இன்னும் வெள்ளையாய்க் கிடந்த நேரத்தில், ஊர்ப் பெரியவர் திருமலைச்சாமி சிலோன் காலனிக்குள் நடந்து வந்தார். கரடிப்பாறை ஊர்க்காரர் ஒருவர் காலனிக்குள் கால்வைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கணபதி வீட்டு வாசலுக்குப் போய் நின்று கம்பளியை இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

கணபதி படியில் உட்கார்ந்து பட்டை உரிக்கும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். எழுந்தான்.

"வாங்கய்யா."

"வேலைக்குக் கெளம்பிட்டியோ?"

"இல்லீங்க. காண்ட்ராக்டர் ரெண்டு நாளா வரல. சும்மா கத்திய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

உள்ளேயிருந்து கணபதியின் மனைவி வேலம்மா கருப்பட்டி போட்ட, பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் வாங்கிக்கொண்டார். அதுவே அவளுக்குப் பாதி நிம்மதி.

"திருவிழாவுக்குப் பந்தாட்டம் வெக்கணுங்கிறானுக எங்க பயலுக. வேணாமுலேன்னேன், கேக்க மாட்டேங்கிறானுக. ஒங்காளுகளும் அதத்தான் சொல்றாகளாம்ல?"

"சொல்றாங்கய்யா."

"வெச்சாலும் வம்பு, வெக்காட்டியும் வம்பு. நீ அங்கன தொரைமாரு கிளப்புல இருந்தவன். மண்டை ஒடையாம நடத்த ஒரு வழி இருந்தாச் சொல்லு." ஒரு வாய் குடித்துவிட்டு, குரலை மாற்றாமலே தொடர்ந்தார். "இந்தத் தடவையும் ரகளை ஆச்சுன்னு வையி, பூண்டு புடுங்க ஆயக்குடிப் பக்கமிருந்து லாரியில ஆளு எறக்கிருவோம். பேசி முடிச்சாச்சு. அப்புறம் ஒங்க பொம்பளைக எங்க காட்டுப் பக்கமே வரவேண்டிய சோலி இல்ல."

"ரகளை ஆகலேன்னா?" என்று கேட்டது வேலம்மா.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஆகலேன்னா மறுநாளே வெள்ளனே வாங்க. முப்பது ஆளு வேணும்."

போன வருஷம் பூண்டுக்கு யாரையும் கூப்பிடவில்லை. காலனியில் நாற்பது வீடு. ஆண்களுக்கு வாட்டில் மரத்தில் பட்டை உரிக்கும் வேலை மாதத்தில் பாதி நாள்தான். பூண்டும் உருளைக்கிழங்கும் பெண்கள் கை வேலை. அதில்தான் அடுப்பு எரியும். அந்த வருஷம் முழுக்கக் காலனி கேப்பைக் களியும் காட்டுக் கீரையுமாய் ஓடியது. இதற்கெல்லாம் காரணம் ஒரு பந்து.

கணபதி பத்து வயதில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் துரைமார் கிளப்பில் பந்து பொறுக்கப் போனவன். பிறகு கோடு போடுகிறவன், வலை கட்டுகிறவன், யார் யாரோடு ஆடுவது என்று பலகையில் எழுதுகிறவன் என்று அங்கேயே வளர்ந்தான். கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, மேல்மலைக்கு வந்து சேர்ந்தபோது அவனிடம் ஒரு டிரங்குப் பெட்டியும், வேலம்மாவும், அவளுடைய தாய் தகப்பன் இல்லாத தம்பி மாயாண்டியும் இருந்தார்கள். காலனிக்குப் பின்னால் சரிவை வெட்டிச் சமப்படுத்திப் பூப்பந்து மைதானம் போட்டவன் அவன்தான். மஞ்சள் கம்பளிப் பந்து அங்கே பறக்க ஆரம்பித்ததும் கரடிப்பாறைப் பையன்களும் வந்தார்கள். மூன்று வருஷம் நல்லபடியாகத்தான் போனது.

போன திருவிழாவில் ஊருக்கும் காலனிக்கும் இறுதி ஆட்டம். இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு; இன்னும் ஒரு பாயிண்டு எடுப்பவர்களுக்கு வெற்றி. கணபதி அம்பயர். திருமலைச்சாமியின் தம்பி மகன் சின்னச்சாமி ஓங்கி அடித்த பந்து பின்கோட்டுப் பக்கம் வந்தது. அந்த நொடி கோயிலில் சங்கு ஊதினார்கள். கணபதி தலையைத் திருப்பிவிட்டான். மறுபடி பார்த்தபோது பந்து கோட்டுக்கு ஒரு சாண் வெளியே உருண்டுகொண்டிருந்தது. இருநூறு பேர் அவன் வாயைப் பார்த்தார்கள்.

"அவுட்" என்றான்.

காலனி ஜெயித்தது. "உள்ள விழுந்துச்சு, உள்ள விழுந்துச்சு" என்று கத்திக்கொண்டே சின்னச்சாமி வலைக் கம்பத்தைப் பிடுங்கினான். "எங்க மாமா பொய் சொல்ல மாட்டாருடா" என்று மாயாண்டி அவன் சட்டையைப் பிடித்தான். சின்னச்சாமி மட்டையை வீசினான். மாயாண்டியின் வலது மணிக்கட்டு முறிந்தது. பட்டை லாரியில் ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகவே கூடியது. அந்தக் கையால் இனிக் கத்தி பிடிக்க முடியாது.

பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று கணபதிக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. தெரியாது என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, வேலம்மாவிடம்கூட.

அன்று சாயங்காலம் அடுப்புக்குப் பக்கத்தில் எட்டு உருளைக்கிழங்குகளை வட்டமாக வைத்துக்கொண்டு கணபதி உட்கார்ந்திருந்தான். வேலம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மாயாண்டி கதவோரம் சாய்ந்து இடது கையால் கம்பளிப் பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து பிடித்தான். கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவன் இடது கையால்தான் ஆடுகிறான். நாலே மாதத்தில் வலது கையை விட நன்றாக ஆட ஆரம்பித்துவிட்டான்.

"நாக்-அவுட் வெச்சா தோத்தவன் வெளிய போயி உக்காந்து கறுவிக்கிட்டே இருப்பான்" என்றான் கணபதி. "லீக் வெச்சா ஊரும் காலனியும் ஒருவாட்டிக்கு நாலுவாட்டி மோதணும். ரெண்டும் ஆகாது. தொரைமாரு ஒண்ணு வெப்பாங்க, அமெரிக்கன் டோர்னமென்டுன்னு. தொரைமாருக்குள்ள சண்டை நடக்குற மாசத்துல அதத்தான் வெப்பாங்க."

"அது என்னாங்க?"

"டீமே கெடையாது. ஊர்ல நாலு பேரு, காலனியில நாலு பேரு. எட்டுப் பேரும் தனித்தனி. ஒவ்வொருத்தனும் மத்த ஏழு பேரோடயும் ஒவ்வொரு ஆட்டம் ஜோடி சேருவான். ஏழு சுத்து. ஜோடி எத்தன பாயிண்டு எடுக்குதோ அது ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஏறும். கடைசியில யாருக்கு அதிகமோ அவன் ஜெயிச்சான்." ஒரு கிழங்கை அசையாமல் வைத்துவிட்டு மற்ற ஏழையும் ஒவ்வொரு இடமாக நகர்த்திக் காட்டினான். "இப்ப எதிர்ல நிக்கிறவன் அடுத்த ஆட்டத்துல பக்கத்துல நிப்பான். யாரு மேல கோவப்படுறது? யாருக்குக் கை தட்டுறது?"

சுவரில் பந்து மோதும் சத்தம் நின்றது.

"அப்ப நான் அவனோட ஜோடி சேரணும்" என்றான் மாயாண்டி.

"ஒரே ஆட்டம் மாப்ள. பதினோரு பாயிண்டு. பத்து நிமிசம்."

"பத்து நிமிசம் பெருசு மாமா. இது ஒடையுறதுக்கு ஒரு நொடிதான் ஆச்சு."

வேலம்மா ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டுத் திரும்பினாள். "அந்த ரெண்டு பேர மட்டும் சேராம வெக்க முடியாதா?"

"ஒரு ஜோடிய உருவுனா மொத்தமும் கழண்டுரும்."

"அப்பக் கடைசியில வைங்க. மூணு மணிக்கு மஞ்சு எறங்கி எல்லாத்தையும் மூடிரும். அந்த ஆட்டமே நடக்காது."

"நம்பரு சீட்டுல வர்றதுதான் வேலம்மா. அதுல நான் கை வெக்க மாட்டேன்."

"நீ ஆடலேன்னா வேற ஆளப் போட்டுக்கலாம்டா" என்று அவள் தம்பியிடம் சொன்னாள்.

"ஆடுவேன்." அவன் கோணல் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "மாமா சொன்னது சரின்னுதானே இதக் குடுத்தேன். நான் எதுக்கு ஒளியணும்?"

கணபதி கிழங்குகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டான். 

திருவிழாவன்று பதினோரு மணிக்கு மைதானத்தைச் சுற்றி ஊரும் காலனியும் கூடிவிட்டன. ஊர் மேல்பக்கம், காலனி கீழ்ப்பக்கம், நடுவில் வலை. சின்னச்சாமியின் அம்மா சோலையம்மாள்தான் வாளிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்தாள். ஊரே அவளைத்தான் சொன்னது. காலனிக்காரன் எடுத்தால் சந்தேகம் வரும். சின்னச்சாமிக்கு ஏழு வந்தது. மாயாண்டிக்கு எட்டு. கணபதி கரும்பலகையில் ஜோடிகளை எழுதிக்கொண்டே வந்தான். ஏழாம் சுற்றில் கடைசி ஆட்டம் என்று எழுதும்போது சுண்ணக்கட்டி முறிந்தது. அதில் ஏழும் எட்டும் ஒரு ஜோடி.

கூட்டத்தில் யாரோ, "பலே, சரியாத்தேன் கொண்டாந்து கோத்திருக்கான்" என்றார்கள். சோலையம்மாள் திரும்பி, "சீட்டு எடுத்தது நானுலே" என்று அதட்டினாள்.

முதல் இரண்டு சுற்று விறைப்பாகத்தான் போனது. ஜோடி சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆடினார்கள். பந்து நடுவில் விழும்; இருவரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். மூன்றாம் சுற்றில் ஊர்ப் பையன் குமாரவேலும் மாயாண்டியும் சேர்ந்தார்கள். குமாரவேல் விழுந்து ஒரு பந்தை எடுத்துக் கொடுக்க, மாயாண்டி அதை மூலைக்கு அடித்தான். மேல்பக்கத்தில் யாரோ கை தட்டிவிட்டு, பிறகு காலனிக்காரன் அடித்தது என்று உணர்ந்து நிறுத்தினார்கள். அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. நாலாம் சுற்றில் இரண்டு பக்கமும் குழம்பிப்போய் எல்லா அடிக்கும் கை தட்டினார்கள். பெண்கள் அவித்த கிழங்கும் பூண்டுத் துவையலும் எடுத்து வந்தார்கள். பாத்திரம் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்பக்கத்துக்கும் போனது.

சின்னச்சாமியும் மாயாண்டியும் மட்டும் எதிரெதிராக நின்றபோதும் சரி, தண்ணீர்க் குடத்தருகே நின்றபோதும் சரி, ஒரு வார்த்தை பேசவில்லை.

மஞ்சு அன்றைக்கு மூணு மணி வரை காத்திருக்கவில்லை. கடைசி ஆட்டத்துக்கு முன்னால், ஒன்றரை மணிக்கே, பள்ளத்திலிருந்து எழுந்து வாட்டில் மரங்களை விழுங்கிக்கொண்டு வந்தது. பந்தின் கம்பளி நனைந்து கனத்தது. பலகையில் காலனி வேலப்பன் ஐம்பத்தெட்டு, சின்னச்சாமி ஐம்பத்தேழு, மாயாண்டி ஐம்பத்தைந்து. மற்றவர்கள் வெகு தூரம் பின்னால். ஒரே ஓர் ஆட்டம் பாக்கி: சின்னச்சாமி, மாயாண்டி ஒரு பக்கம், வேலப்பன், குமாரவேல் மறுபக்கம்.

"போதும்ணே, முடிச்சிருங்க" என்று வேலப்பன் கணபதியிடம் மெதுவாகச் சொன்னான். "பந்தே தெரியல. நாந்தானே முன்னால நிக்கிறேன்."

வேலம்மாவும் தூரத்திலிருந்து கையை ஆட்டினாள், வேண்டாம் என்று. இதுவரை சண்டை இல்லை. இப்படியே கலைந்தால் நாளைக்கு முப்பது பேருக்கு வேலை.

சோலையம்மாள் மட்டும் எழுந்து நின்றாள். "எங்க பயலுக்கு ஒரு ஆட்டம் பாக்கி கெடக்கு. அத ஆடாம எப்படி முடிப்பீக? சிலோன்காரன் ஜெயிக்கிற நேரமாப் பாத்து மஞ்சு வந்திருச்சாக்கும்?"

மேல்பக்கத்தில் முணுமுணுப்பு ஏறியது. திருமலைச்சாமி கணபதியைப் பார்த்தார். "ஒங்கையிலதான் இருக்கு."

கணபதி வலையைப் பார்த்தான். அதற்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறம்தான் இருந்தது.

"ஆடுங்க" என்றான்.

ஆட்டம் தொடங்கியது. சின்னச்சாமி வலது பக்கம், மாயாண்டி இடது பக்கம். இவன் வலது கை, அவன் இடது கை. இருவருக்கும் நல்ல அடி வெளிப்பக்கம்தான். நடுவில் வந்த பந்து இரண்டு பேருக்கும் புறங்கைப் பக்கம். வேலப்பன் அதைப் பார்த்துக்கொண்டான். பந்தை நடுவிலேயே போட்டான். இருவரும் அசையவில்லை. பூஜ்யம் ஒன்று. மறுபடி நடுவில். பூஜ்யம் இரண்டு. நாலாவது பந்தும் அவர்களுக்கு நடுவில் ஈரமாய்ச் சப்பென்று விழுந்தபோது, மேல்பக்கத்திலிருந்து ஒருவன், "வேணுமின்னே விடுறான்யா" என்று கத்தினான். கீழ்ப்பக்கத்தில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

சின்னச்சாமி பந்தைக் கையில் எடுத்துப் பிழிந்தான். மாயாண்டியைப் பார்க்காமல் தரையிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

"எடம் மாத்துவோம். நீ இந்தப் பக்கம் வா. அப்ப நடுப் பந்து ரெண்டு பேருக்கும் நேரா வரும்."

 மாயாண்டி நடந்து வலது பக்கம் போய் நின்றான்.

இப்போது நடுவில் வந்த பந்துக்கு இரண்டு மட்டையும் பாய்ந்தன. ஒன்றோடொன்று மோதின. பூஜ்யம் ஐந்து. கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. சின்னச்சாமி பின்வாங்கி, "கூப்புடணும்ல! வாயத் தெறந்து கூப்புடுலே!" என்றான். அடுத்த பந்து மஞ்சுக்குள்ளிருந்து வந்தது. "எனக்கு!" என்று மாயாண்டி கத்தினான். அடித்தான். அது வலைக்கு அந்தப் பக்கம், வலையோரமாய்ச் செத்து விழுந்தது. ஒன்று ஐந்து.

அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் கேட்டதெல்லாம் "எனக்கு", "ஒனக்கு", "விடு", "பின்னால" என்ற குரல்கள்தான். ஆட்களைவிடக் குரல் தெளிவாக இருந்தது. நாலு ஆறு. ஏழு எட்டு. ஒன்பது ஒன்பது. பத்து ஒன்பது. இன்னும் ஒரு பாயிண்டு எடுத்தால் சின்னச்சாமிக்கு அறுபத்தெட்டு, வேலப்பனுக்கு அறுபத்தேழு.

குமாரவேல் தூக்கிப் போட்ட பந்தை மாயாண்டி பின்னால் ஓடி எடுத்து, இடது கையால் நீளமாக அடித்தான். அது வேலப்பன் தலைக்கு மேல் போனது. பின்கோட்டுக்கு அருகே மஞ்சு திரைபோல நின்றது. பந்து அதற்குள் புகுந்தது. ஒரு சத்தமும் இல்லை.

வேலப்பன், "அவுட்டு!" என்றான். சின்னச்சாமி, "உள்ள!" என்றான். இரண்டு பக்கமும் எழுந்துவிட்டது. சரிவில் ஒருவன் விறகுக் கட்டையைக் கையில் எடுத்தான். எல்லாரும் கணபதியைப் பார்த்தார்கள்.

உள்ளே என்றால் ஊர் ஜெயிக்கும், பூண்டு வேலை கிடைக்கும். வெளியே என்றால் காலனி. இரண்டு சொல்லும் அவன் வாயில் வந்து நின்றன.

"எனக்குத் தெரியல" என்றான்.

"என்னாது?"

"நான் பாக்கல. பந்து விழுந்தது என் கண்ணுல படல." அவன் சின்னச்சாமி பக்கம் திரும்பினான். "போன வருசமும் நான் பாக்கல. சங்குச் சத்தத்துக்குத் திரும்பிட்டேன். பாக்காமயே அவுட்டுன்னு சொன்னேன்."

 காலனிக்காரர்களே அவனைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். வேலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னச்சாமி வலையைக் குனிந்து தாண்டி வந்தான். மட்டை கையிலிருந்தது. "உள்ள விழுந்துச்சுன்னு கத்துனேனே! ஒரு வருசமா ஊர்ல என்னையக் கலகக்காரன்னாக. அவன் கையி... ஏன்யா, அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"பயந்துட்டேன்."

சின்னச்சாமியின் கை மேலே போனது. கணபதி விலகவில்லை.

"சின்னச்சாமி."

மாயாண்டி வலைக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தான். அவன் முகம் மஞ்சில் சரியாகத் தெரியவில்லை.

"வா இங்க. சர்வீஸ் நம்மளது."

சின்னச்சாமி திரும்பிப் பார்த்தான். கை மெல்ல இறங்கியது. "அந்தப் பாயிண்டத் திரும்ப ஆடுங்கலே" என்றார் திருமலைச்சாமி, தொண்டையைச் செருமிக்கொண்டு.

திரும்ப ஆடினார்கள். "எனக்கு" என்று மாயாண்டி கூப்பிட்டுக்கொண்டு போய் அடித்த பந்து வலையில் சிக்கியது. அடுத்ததைச் சின்னச்சாமி வெளியே அடித்தான். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, நாலு முழம் வெளியே. பத்து பதினொன்று. வேலப்பன் ஜெயித்தான். பரிசாக வைத்திருந்த தூக்குவாளியையும் கம்பளியையும் அவன் வாங்கிக்கொண்டபோது இரண்டு பக்கமும் கொஞ்சமாய்க் கை தட்டினார்கள். சண்டை நடக்கவில்லை. இரண்டு பக்கக் கோபமும் ஓர் ஆள் மேல் இருந்தது. அந்த ஆள் குனிந்து வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் வேலம்மா களி கிண்டினாள். களியை அவன் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வெகு நேரம் கழித்து ஒன்று மட்டும் கேட்டாள். "கையில கட்டுப் போட்டுக் கெடந்தவனுக்கு நான் மூணு மாசம் சோறு ஊட்டுனேன். நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"



மறுநாள் விடியும்போது மாயாண்டி துணி மூட்டையைக் கட்டியிருந்தான். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் சிலோனில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த கூட்டாளி ஒருவன் இருக்கிறான், பழம் எடுக்க ஒரு கை போதும் என்று அக்காளிடம் சொன்னான். அவள் தடுக்கவில்லை. ஊரிலிருந்து ஆள் வந்து குரல் கொடுத்தது: முப்பது பேர், வெரசா வரணும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாக்கை எடுத்துக்கொண்டு மற்றப் பெண்களோடு போனாள்.

பஸ் நிற்கும் வளைவு வரை கணபதி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான். மாயாண்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. வளைவில் இருவரும் நின்றார்கள். கீழே எங்கோ பஸ் உறுமிக்கொண்டு ஏறியது.

"மாப்ள, நான் செஞ்சது..."

"நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம் மாமா." மாயாண்டி சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் அவன வெறுத்துக்கிட்டு ஒங்க வீட்டுலயே இருந்திருப்பேன்."

"தெரியும்."

"அவன வெறுக்குறது லேசா இருந்துச்சு."

பஸ் வந்தது. மாயாண்டி ஏறினான். மூட்டையை வாங்க இடது கையை நீட்டினான். மூட்டை கனம். ஒரு நொடி தயங்கி வலது கையையும் நீட்டினான். கணபதி அந்தக் கோணல் மணிக்கட்டின் மேல் பாரம் விழாதபடி மூட்டையைக் கடைசி வரை தாங்கிப் பிடித்து உள்ளே தள்ளினான். "தைப்பொங்கலுக்கு வர்றேன்னு அக்காகிட்டச் சொல்லுங்க" என்றான் மாயாண்டி. பஸ் நகர்ந்தது.

பொங்கலுக்குப் பதினோரு மாதம் இருந்தது. கணபதி வளைவிலேயே நின்று அதை ஒருமுறை எண்ணிப் பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போகாமல் பூண்டுக் காட்டுக்கு இறங்கினான்.

முப்பது பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். ஈர மண்ணிலிருந்து பூண்டு வாசனை மூக்கைக் குத்தியது. வரப்பில் நின்ற திருமலைச்சாமி அவனைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வேலம்மா நிமிர்ந்தாள். கை முழுக்க மண்.

"ஏறிட்டானா?"

"ஏறிட்டான். பொங்கலுக்கு வர்றானாம்."

 அவள் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினாள்.

"அந்தக் கடைசி வரிசை ஆளில்லாம கெடக்கு" என்றாள், அவனைப் பார்க்காமல். "தாளப் புடிச்சு இழுக்காதீங்க, அறுந்துரும். அடியில கைய விட்டு எடுங்க."

கணபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனான்.